மதிப்பெண் குறையவில்லை, ஆனாலும் ஏதோ சரியில்லை: மாணவரின் குடியையும் போதையையும் எப்படி அடையாளம் காண்பது?

ஆய்வகமேசை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். இளநிலை மாணவர்கள் சிலருக்கு வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம் உண்டு. குடியிலோ போதைப்பொருளிலோ சிக்கிய மாணவரைக் கண்டறிவதற்கென்று எங்களுக்குத் தரப்பட்ட குறிப்பில் சிவந்த கண், வாயில் வாடை, குறையும் மதிப்பெண், வகுப்புக்கு வராமை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். என் கவலைக்குரிய மாணவரிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நன்றாகப் படிக்கிறார், கட்டுரைகளை உரிய நாளில் கொடுத்துவிடுகிறார். ஆனால் காலை ஆய்வக வகுப்பில் பிப்பெட்டை (திரவத்தை அளந்தெடுக்கும் குழாயை) பிடிக்கும்போது அவருடைய விரல்கள் நடுங்குகின்றன, அதன் நுனியைக் குடுவையின் விளிம்பில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் அவரால் அளக்க முடிகிறது. உணவு இடைவேளை முடிந்து திரும்பும்போது அதே கை நிதானமாக இருக்கிறது. அவருடைய நண்பர்களோ, எவ்வளவு குடித்தாலும் அவர் தடுமாறவே மாட்டார் என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த வயதில் பலரும் குடித்துப் பார்க்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அந்தப் பழக்கம் எந்த இடத்தில் சிக்கலாக மாறுகிறது, அதை வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி உணர்வது என்பதே என் கேள்வி. மாணவரின் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

செவிமடுப்பவர் (மறுமொழி)

வணக்கம். மாணவர் நலப் பிரிவில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். உங்களுக்குத் தரப்பட்ட பட்டியல் முழுவதும் தவறன்று. ஆனால் அதில் உள்ளவை பெரும்பாலும் சிக்கல் முற்றிய பிறகு தெரிபவை. மதிப்பெண் பல மாணவர்களுக்குக் கடைசியாகத்தான் சரியும், ஏனெனில் தம்மீது யாருடைய பார்வையும் விழாதிருக்க அவர்கள் காப்பாற்றிக்கொள்வதே அதைத்தான். அந்த மதிப்பெண்ணுக்காக அவர் எதையெல்லாம் கைவிட்டிருக்கிறார் என்று பாருங்கள். விளையாட்டை விட்டிருக்கலாம், குடிக்காத நண்பர்களிடமிருந்து விலகியிருக்கலாம், விடுமுறைக்கு வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கத் தொடங்கியிருக்கலாம்.

எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட, குடி அவருடைய வாழ்க்கையில் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியமானது என்று நான் கருதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்னும் வினாநிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 கேள்விகள் உள்ளன. முதல் 3 மட்டுமே எத்தனை முறை, எவ்வளவு என்று கேட்பவை. மற்ற 7 கேள்விகளும் தொடங்கிய பின் நிறுத்த முடியாமற் போனதா, செய்ய வேண்டியதைச் செய்யத் தவறியதுண்டா, காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருந்ததா, குற்ற உணர்வு வந்ததா, முந்தைய இரவில் நடந்தது நினைவில்லாமற் போனதா, தமக்கோ பிறருக்கோ காயம் நேர்ந்ததா, உடனிருப்போர் யாரேனும் கவலை தெரிவித்தார்களா என்பவற்றைப் பற்றியவை. மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தீங்கு தரும் அளவில் குடிக்கிறார் என்று கொள்வார்கள், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் சார்பு நிலை (குடியின்றி இருக்க முடியாத நிலை) இருக்கக்கூடும் என்று முழுமையான மருத்துவ மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்னும் உளநோய் வகைப்பாடும் இதே திசையில்தான் செல்கிறது. அதில் மதுப் பழக்கத்துக்கென்று உள்ள 11 அளவுகோல்களில் ஏதேனும் இரண்டு, பன்னிரண்டு மாதங்களுக்குள் பொருந்தினாலே அது ஒரு கோளாறாகக் கொள்ளப்படுகிறது. 2 அல்லது 3 பொருந்தினால் லேசானது, 4 அல்லது 5 என்றால் நடுத்தரமானது, 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. ஆகவே "அவன் ஒன்றும் குடிகாரன் இல்லையே" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. முற்றிய குடிநோயாளியின் தோற்றத்தை மனத்தில் வைத்துத் தேடுபவர் கண்ணுக்கு இருபது வயது மாணவர் யாரும் அகப்பட மாட்டார். அதற்குள் உதவி எளிதாகப் பலன் தரும் காலம் கடந்துவிடும்.

மூன்றாம்மாடி (மறுமொழி)

ஆலோசகர் சொல்வதை உள்ளிருந்து அறிந்தவன் நான். படிக்கும் காலத்தில் கடுமையாகக் குடித்தேன், இப்போது குடிப்பதில்லை. அப்போது என்னைச் சுற்றியிருந்தவர்கள் கவனித்திருக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தபோது, எதில் ஆர்வம் உண்டு என்று நான் பார்க்கவில்லை. எது பிற்பகலில் நடக்கிறது என்று மட்டும் பார்த்தேன். விருந்துக்குப் போவதற்கு முன்பே அறையில் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன், ஏனெனில் மற்றவர்கள் முன்னால் குடிக்கும் அளவு எனக்குப் போதாது, போதாது என்பதை அவர்கள் பார்க்கவும் கூடாது. அலமாரியில் துவைத்து மடித்த துணிகளுக்கு அடியில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். அதில் பாதிக்குக் கீழே போய்விட்டால் எனக்கு மனம் பதைக்கும். காலையில் கண் விழித்தவுடன் கைப்பேசியை எடுத்து, முந்தைய இரவில் நான் யாரை அழைத்தேன், என்ன செய்தி அனுப்பினேன் என்று ஒவ்வொன்றாகப் படித்து, அந்த இரவைத் திரும்பக் கட்டியெழுப்புவேன். பிறகு நண்பர்கள் ஏதாவது சொன்னால் எல்லாம் நினைவிருப்பவன் போலச் சிரிப்பேன்.

என் அறைத்தோழனுக்கு இவற்றில் பாதியாவது தெரியும் என்று நினைக்கிறேன். அவன் கேட்காததற்கு அலட்சியம் காரணமில்லை, கேட்டால் நட்பு முறிந்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். பிற்பாடு ஒரு பேராசிரியர் என்னைத் தனியே அழைத்து, "நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். குடியைப் பற்றி அவர் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்டதால் உண்மையைச் சொன்னேன். குடிக்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று என் வாயால் சொன்னது அப்போதுதான் முதல்முறை.

இரவுப்பணி (மறுமொழி)

நான் மருத்துவர். தொடக்கப் பதிவில் உள்ள நடுக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

கை நடுக்கத்துக்குக் குடி ஒன்றே காரணமன்று. தைராய்டு மிகைச் சுரப்பு, பதற்றக் கோளாறு, ஆஸ்துமாவுக்காக உறிஞ்சும் மருந்து, அளவு மீறிய காபி, காலை உணவைத் தவிர்ப்பது ஆகிய எல்லாமே விரல்களை நடுங்கச் செய்யும். பரம்பரையாக வரும் நடுக்கமும் உண்டு, அது சிறிதளவு மது உள்ளே போனால் தணியும் என்பதால் பார்ப்பவரை மேலும் குழப்பும். எனவே ஆசிரியர் தாமே நோயை முடிவு செய்துவிட வேண்டாம். ஆனால் காலையில் நடுங்கி நண்பகலில் அடங்குகிறது என்றால், குடிவிலகல் அறிகுறியாக இருக்கலாம் என்பதையும் புறந்தள்ள முடியாது. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரின் உடலில் கடைசியாகக் குடித்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழிந்ததும் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கக்கூடும்.

அப்படியிருந்தால் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஓர் அறிவுரை பெரும் ஆபத்தாக முடியும். "இன்றோடு நிறுத்திவிடு" என்று சொல்லாதீர்கள். உடல் மதுவைச் சார்ந்துவிட்ட ஒருவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் அல்லது மூன்றாம் நாளையொட்டிக் காய்ச்சலும் குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதுமாக உயிருக்கே ஆபத்தான சன்னி நிலை வரலாம். மருத்துவமனையின் கண்காணிப்பில் உரிய மருந்துகளும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்து நிறுத்தினால் இதைத் தடுத்துவிட முடியும்.

நண்பர்கள் பெருமைப்படும் "தாக்குப்பிடிக்கும் திறன்" பற்றியும் ஒரு சொல். மூளை பழகிப்போனதால் தள்ளாட்டம் தெரியவில்லையே தவிர, கல்லீரலும் இதயமும் அதே மதுவைத்தான் தாங்குகின்றன. தடுமாறாமல் நிற்பவர் தான் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்து மேலும் குடிப்பார். மூன்றாம்மாடி குறிப்பிட்ட நினைவுத் தவறலும் இத்தகையதே. மது வேகமாக ரத்தத்தில் ஏறும்போது, புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி செயலிழக்கிறது. அந்நேரத்தில் அவர் பேசுவார், நடப்பார், வண்டிகூட ஓட்டுவார். மறுநாள் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அது மறதி இல்லை, அந்த நினைவு உருவாகவே இல்லை. மாணவர் ஒருவர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னால், சிரித்துக் கடந்துவிடாமல் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச்சீட்டு (மறுமொழி)

மதுவைப் பற்றியே பேச்சு போகிறது. மருந்தாளுநராக இருப்பதால் மாத்திரைகளைப் பற்றிக் கூற விரும்புகிறேன். போதைப்பொருள் என்றதும் ஊசியும் புகையும் நினைவுக்கு வருகின்றன. மாணவர்களிடையே சிக்கல் பல நேரங்களில் மருந்தட்டையின் வடிவில் வருவதால் அதை யாரும் போதையாக எண்ணுவதே இல்லை.

தேர்வுக் காலத்தில் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகள் கைமாறுகின்றன. கவனக்குறைவுக் கோளாறு உள்ளவருக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும்போது இவை நல்ல மருந்துகள். அக்கோளாறு இல்லாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் விழிப்பும், நன்றாகப் படிக்கிறோம் என்ற நம்பிக்கையும்தான். விரிந்த கண்மணி, பசியின்மை, இடைவிடாப் பேச்சு, உறக்கமற்ற இரவுகள், அதற்குப் பின் நாள் முழுதும் எழுந்திருக்க முடியாத சோர்வும் எரிச்சலும் என்று இதன் சுழற்சி இருக்கும். தூக்கம் வராததால் மதுவோ, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரையோ துணைக்கு வரும். இங்கேதான் எனக்கு மிகுந்த கவலை. அல்பிரசோலமும் மதுவும் சேர்ந்தால் மூச்சைத் தாழ்த்தும். நெடுநாள் உட்கொண்டபின் இந்த மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மதுவைப் போலவே வலிப்பு வரலாம்.

டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி நிவாரணிகளில் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும், மலச்சிக்கல் இருக்கும். டிரமடால் அளவு மீறினால் வலிப்பையும் உண்டாக்கும்.

கஞ்சாவைப் பற்றி மாணவர்களிடம் "அது ஒன்றும் செய்யாது" என்ற எண்ணம் பரவலாக உண்டு. எப்போதாவது பயன்படுத்துபவரையும் நாள்தோறும் எழுந்தவுடன் பயன்படுத்துபவரையும் ஒன்றாக வைக்க முடியாது. பின்னவரிடம் தொடங்கிய வேலைகள் முடியாமல் குவிந்திருக்கும், படித்தது நினைவில் தங்காது, நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் பசிக்குறைவும் உச்சத்தில் இருக்கும். அந்த எரிச்சலைத் தணிக்க மீண்டும் தொடுவார், அதனால் கஞ்சாதான் தம்மை அமைதியாக வைத்திருக்கிறது என்று உண்மையாகவே நம்புவார். குடும்பத்தில் யாருக்கேனும் உளப்பிறழ்வு நோய் இருந்திருந்தால் கஞ்சாவால் வரும் ஆபத்து மேலும் கூடும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒருதாய் (மறுமொழி)

எல்லாவற்றையும் படித்தேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சில மாதங்களாகவே என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நீங்கள் எல்லாரும் கவனியுங்கள், கேளுங்கள் என்கிறீர்கள். பெற்ற வயிற்றுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? அவளுடைய அறையைச் சோதித்துவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிட்டால் ஒரே நாளில் உண்மை தெரிந்துவிடாதா?

செவிமடுப்பவர் (மறுமொழி)

அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதற்கான காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து கஞ்சா பயன்படுத்தியவர் நிறுத்திப் பல வாரங்கள் ஆன பின்னும் சிறுநீரில் அதன் தடயம் தெரியலாம். செயற்கைக் கஞ்சாவையும் டிரமடாலையும் வழக்கமான பரிசோதனைக் கருவிகள் பல தவறவிடும். சில சளி மருந்துகளைச் சாப்பிட்டவருக்கும் போதைப்பொருள் இருப்பதாக முடிவு வரலாம். முடிவு சரியாகவே இருந்தாலும், பயன்படுத்தினாரா என்பதைத்தான் அது சொல்லும். ஏன் பயன்படுத்துகிறார், எந்த அளவுக்குச் சிக்கியிருக்கிறார் என்பதை அவர் வாயாலன்றி அறிய வழியில்லை. அறையைச் சோதித்த மறுநாளே அந்த வாய் மூடிக்கொள்ளும்.

மேலும், பேசாமல் விலகியிருப்பதற்கு மனச்சோர்வும், உறவு முறிவும், துன்புறுத்தலும்கூடக் காரணமாக இருக்கலாம். போதையைத் தேடிப் போய் அவற்றைக் காணாமல் விட்டுவிடக் கூடாது. "நீ முன்போல என்னோடு பேசுவதில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது, உன்னைத் திட்ட வரவில்லை" என்று தொடங்கிப் பாருங்கள். முதல் நாளே பதில் வராமற் போகலாம். இரண்டாம் முறை கேட்கும்போது குரல் உயராதிருந்தால் வரக்கூடும்.

ஆய்வகமேசை (மறுமொழி)

அந்த அம்மாவுக்குச் சொன்னது எனக்கும் பயன்படும். எனினும் ஆசிரியர் என்ற முறையில் என் நிலை வேறு. நான் கேட்பதை ஒழுங்கு நடவடிக்கையின் முதற்படியாகவே அவர் எடுத்துக்கொள்வார். எப்படித் தொடங்குவது?

செவிமடுப்பவர் (மறுமொழி)

நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், உங்கள் ஊகத்தைச் சொல்ல வேண்டாம். "காலை வகுப்பில் உங்கள் கை நடுங்குவதைச் சில வாரங்களாகப் பார்க்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது?" என்பது அவருக்குப் பதில் சொல்ல இடம் தரும். "நீங்கள் குடிக்கிறீர்களா?" என்பது அந்த இடத்தை அடைத்துவிடும். தனி அறையில், நேர நெருக்கடி இல்லாத பொழுதில், அவர் நிதானமாக இருக்கும்போது பேசுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களால் அந்த வாக்கைக் காக்க முடியாது. எதைச் சொல்ல வேண்டியிருக்கும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பதை முன்கூட்டியே அவரிடம் தெளிவுபடுத்துங்கள். அதற்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிகளை முதலில் நீங்கள் படித்திருக்க வேண்டும்.

அவர் பேச முன்வந்தால் வாதம் செய்யாதீர்கள். வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீஃபன் ரோல்நிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையின் அடிப்படையே இதுதான்: மாறவேண்டிய காரணத்தை நாம் அடுக்கினால் மாறாதிருப்பதற்கான காரணங்களை அவர் அடுக்குவார், அவரே சொல்லும் காரணம்தான் அவரை நகர்த்தும். குடியால் அவருக்கு என்ன நன்மை கிடைக்கிறது என்றுகூடக் கேளுங்கள். தூக்கம் வருகிறது, கூட்டத்தில் பேச அச்சம் இருப்பதில்லை, ஒரு நினைவு தொந்தரவு செய்வதில்லை என்று ஏதோ ஒன்று வெளிவரும். சிகிச்சை அந்த ஒன்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

மாணவர்களிடம் பயன் தரும் மற்றொன்று, சக மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்ற அவர்களுடைய மதிப்பீட்டைத் திருத்துவது. எல்லாரும் தம்மைப் போலவோ தம்மைவிட அதிகமாகவோ குடிக்கிறார்கள் என்று நம்பும் போக்கை அமெரிக்க ஆய்வாளர்களான பெர்கின்ஸும் பெர்கோவிட்ஸும் 1986-இலேயே எடுத்துக்காட்டினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் குழுவினர் உருவாக்கிய குறுகிய கால ஆலோசனை முறையில், மாணவரின் குடி அளவை உண்மையான சராசரியோடு பக்கத்தில் வைத்துக் காட்டுவது ஒரு முக்கியப் பகுதி. அந்தத் தாளைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உடல்சார்பு ஏற்பட்டுவிட்டவருக்கு இந்தக் குறுகிய ஆலோசனை போதாது, மருத்துவரிடம் அனுப்பவே வேண்டும்.

கடைசிக்கட்டில் (மறுமொழி)

நான் மாணவன். எங்கள் அறைகளில் எழும் கேள்வி இதைவிட அவசரமானது. நண்பன் குடித்துவிட்டு எழுப்பியும் எழாமல் கிடக்கிறான். ஆளை அழைத்தால் அவனுக்கும் எங்களுக்கும் நடவடிக்கை வரும் என்று பயந்து, தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது?

இரவுப்பணி (மறுமொழி)

தம்பி, இதைக் கேட்டதற்கு நன்றி. எழுப்பியும் எழாதவரைத் தூங்கட்டும் என்று ஒருபோதும் விடக்கூடாது. கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருப்பதால், குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு கூடும். படுக்கப் போனபோது பேசிக்கொண்டிருந்தார் என்பது ஓர் உத்தரவாதம் ஆகாது. உலுக்கியும் கிள்ளியும் விழிக்காமை, நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவான மூச்சு, இரு மூச்சுகளுக்கு இடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, குளிர்ந்த அல்லது நீலம் பாய்ந்த தோல், மயங்கிய நிலையில் வாந்தி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். எல்லாம் ஒன்றுசேர்ந்து தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு தலையைச் சாய்த்து, ஒருவர் அருகிலேயே இருந்து மூச்சை எண்ணிக்கொண்டிருங்கள். காபி கொடுப்பது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் மதுவை விரைவில் வெளியேற்றாது, மூச்சுக்குழலில் வாந்தி சிக்கும் ஆபத்தைத்தான் கூட்டும். கண்மணி சுருங்கி மூச்சு குறைந்திருந்தால் ஓபியாய்டாக இருக்கலாம். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்து கையில் இருந்தால் கொடுங்கள், ஆனால் அதன் விளைவு 30 முதல் 90 நிமிடங்களில் தேய்ந்துவிடும் என்பதால் கண் விழித்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

நடவடிக்கை பற்றிய அச்சம் நியாயமானதே. உதவிக்கு அழைத்தவரையும் உதவி பெற்றவரையும் தண்டிக்காத விதி சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அது உண்டா என்று நாளைக்கே விசாரியுங்கள், இல்லையென்றால் மாணவர் பேரவை வழியாகக் கேளுங்கள். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழையுங்கள். வருபவர்களிடம் என்ன குடித்தார், கூடவே எந்த மாத்திரை விழுங்கினார், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லி, வெறும் மருந்தட்டை கிடந்தால் அதையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.